மழை தொடாத பதினாறு நாள்

பொன்னழகு செத்துப்போன அன்று சாயங்காலம், அவள் புருஷன் அடைக்கலம் எங்கள் டார்மிட்டரியின் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியில் உட்கார்ந்தபோது, தண்ணீர் அவன் உச்சந்தலைக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்று, இரண்டாகப் பிரிந்து, இரண்டு தோளுக்கும் வெளியே விழுந்து, அது பாட்டுக்குச் சாக்கடைக்குள் போய்விட்டது. பக்கத்துக் குழாயில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்தேன். வாளியோடு வரிசையில் நின்ற பதினாலு பேரும் பார்த்தார்கள். "அந்தக் கொழாயில பிரஷர் இல்லண்ணே, இங்கிட்டு வாங்க" என்று என் குழாயை விட்டுக்கொடுத்தேன். அங்கேயும் அப்படியேதான். வரிசையில் நின்றவர்களுக்குப் பசி, வேலைக் களைப்பு. யாரோ ஒருவன் "சீக்கிரம் ஆகட்டும்ப்பா" என்றான். அடைக்கலம் எழுந்து, காய்ந்த துண்டால் காய்ந்த தலையைத் துவட்டிக்கொண்டு அறைக்குப் போனான்.

நாங்கள் சிங்கப்பூரின் மேற்கு ஓரத்தில், அறைக்குப் பன்னிரண்டு பேராகக் கிடந்தவர்கள். பாதிப் பேர் புதுக்கோட்டைப் பக்கம், மீதி சிவகங்கைப் பக்கம், கதவோரக் கட்டிலில் மட்டும் மொக்லேஸ் என்கிற வங்காளதேசத்துக்காரன். நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது சரக்கு வைக்கிற ஒன்பது மாடிக் கிட்டங்கி. அடைக்கலத்துக்கு அதில் வைப்ரேட்டர் வேலை. பம்ப்பிலிருந்து கொட்டுகிற காங்கிரீட்டுக்குள் அதிர்கிற குழாயைச் செருகி, உள்ளே காற்றுத் தங்காமல் அமர வைக்கிற வேலை. காங்கிரீட் ஒரு தடவை விழ ஆரம்பித்துவிட்டால் தளம் முடிகிறவரைக்கும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் பழசும் புதுசும் ஒட்டாமல் அந்த இடத்தில் பிளந்துபோகும் என்பது எங்கள் தொழிலில் முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுகிற சட்டம். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நிற்போம், பசியை அடக்கிக்கொண்டு நிற்போம், முதுகு கழன்று விழுந்தாலும் அப்புறம் பொறுக்கிக்கொள்ளலாம் என்று நிற்போம். யார் எதைக் கேட்டாலும் எங்களிடம் ஒரே பதில்தான்: தளம் முடியட்டும்.

அன்றைக்கு ஒன்பதாம் மாடித் தளம். காலை பத்து மணிக்குக் கீழே கிரேனுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்த சேவுகனுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. சேவுகன் பொன்னழகின் கூடப்பிறந்த தம்பி. மச்சானும் மாப்பிள்ளையுமாக ஒரே கம்பெனியில், ஒரே அறையில், மேல்கட்டில் கீழ்க்கட்டிலில் இருந்தார்கள். மேல்தளத்தில் வேலை செய்கிறவர்கள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி, அதனால் எந்தச் சேதியாக இருந்தாலும் யாராவது லிஃப்ட் ஏறித்தான் கொண்டுவர வேண்டும். சேவுகன் ஏறி வந்தான். கணுக்கால் அளவு காங்கிரீட்டில் நின்ற அடைக்கலத்தின் முன்னால் போய், ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மச்சான்" என்றான்.

அடைக்கலம் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான். வயிற்றுவலி என்று பொன்னழகை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பது அவனுக்கு முந்தின நாளே தெரியும். இப்போது அந்த முகத்தைப் பார்த்ததும் மீதியும் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, நான் அவனுக்கு நாலடி தள்ளி பம்ப் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்கே தெரிந்துவிட்டது.

"எதுவா இருந்தாலும் தளம் முடியட்டும் மாப்ள" என்றான் அடைக்கலம். "இப்ப சொல்லாத."

சேவுகன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகும் ஏழரை மணி நேரம் காங்கிரீட் விழுந்தது. ஊரில் உடம்பைக் கொண்டுவந்து கிடத்திவிட்டு, மருமகன் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிடட்டும் என்று காத்திருந்தார்கள். எட்டு வயது மகள் கனிஷ்காதான் போனை அம்மா முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். கை வலித்தால் மாற்றிப் பிடித்துக்கொண்டாளாம், வேறு யாரிடமும் கொடுக்கவில்லையாம். இந்தப் பக்கம் கிரேனின் காலடியில் உட்கார்ந்து சேவுகன் ஒருத்தன்தான் அந்த முகத்தைப் பார்த்தான். அங்கே மதியம் இரண்டரை, இங்கே சாயங்காலம் ஐந்து, அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று எடுத்துவிட்டார்கள். தளம் முடிந்தது ஐந்தரைக்கு. அடைக்கலம் வைப்ரேட்டரை ஒட்டுப் போகக் கழுவி, வயரைச் சுருட்டி, இடத்தில் வைத்துவிட்டு இறங்கி வந்தான். "மச்சான், அக்கா..." என்று சேவுகன் ஆரம்பித்ததும் கையைக் காட்டித் தடுத்தான்.

"தெரியும் மாப்ள. சொல்ல வேணாம்."

அதற்குப் பிறகுதான் குளிக்கப் போனான்.

மறுநாள் மதியம் மழை வந்தது. இந்த ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு மரியாதை தெரியாது. இருட்டிக்கொண்டு, காற்றை முன்னால் அனுப்பி, வரட்டுமா என்று கேட்டுக்கொண்டெல்லாம் வராது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துச் சைட் காணாமல் போகும், அப்புறம் பக்கத்துக் கிரேன் காணாமல் போகும், மின்னல் சங்கு அலறுவதற்குள் நம் கையே நமக்குக் காணாமல் போகும். சங்கு கேட்டதும் எல்லாரும் ஓடி ஒதுங்கினோம். அடைக்கலம் மட்டும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, எல்லாரும் ஓடி வந்த திசைக்கு எதிராக நடந்து போய், திறந்தவெளியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். அரை மணி நேரம் பெய்தது. மழை அவனைச் சுற்றி அவன் உருவத்துக்கே ஓர் உறை தைத்ததுபோல் ஒரு விரற்கடை விட்டு விழுந்தது. நின்ற பிறகு, முழங்கை வரை பூசியிருந்த சிமென்ட் தூசி அப்படியே இருக்கத் திரும்பி வந்து, சட்டையைத் தேடினான். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, போட்டதும் காய்ந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி செத்தால் புருஷன் தலைக்குத் தண்ணீர் விட வேண்டும். அவன் தண்ணீர் விடாமல் பதினாறாம் நாள் காரியம் கிடையாது, காரியம் செய்யாமல் அவள் அந்த வீட்டு வாசலைவிட்டுப் போக மாட்டாள், போகவும் முடியாமல் உள்ளே வரவும் முடியாமல் நிற்பாள் என்று பிடிவாதமாகச் சொல்வார்கள். அடைக்கலத்தின் மாமியார் தினமும் சேவுகனுக்குப் போன் போட்டுக் கேட்டாள்: "மருமகன் தலைக்குத் தண்ணி ஊத்திட்டாராடா?" சேவுகன் "ஊத்திக்கிட்டே இருக்காரும்மா" என்பான். அது பொய்யும் இல்லை. பிறகு கனிஷ்கா போனை வாங்கி, "அப்பாகிட்ட குடு மாமா, நான் ஒன்னு சொல்லணும்" என்பாள். அடைக்கலம் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். சேவுகன் அவனையும் பார்த்து, போனையும் பார்த்து, "அப்பா தளம் போட்டுக்கிட்டு இருக்காருடா" என்பான். தினமும் அதைத்தான் சொன்னான்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் பிடித்து அவனை உள்ளே இறக்கினோம். தண்ணீர் ஒதுங்கி ஒதுங்கி மேலே வந்து வெளியே வழிந்தது, அடைக்கலம் காய்ந்த பீப்பாய்க்குள் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தான். மொக்லேஸ் பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து கண்ணை மூடிக்கொண்டு தெளித்தான், அது மொக்லேஸின் முகத்துக்கே திரும்பி வந்தது. சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் குருக்கள் கொடுத்த தீர்த்தம் உள்ளங்கைக்கு மேலே உருண்டைக் கட்டியாக நின்று, அவன் வாயில் விட்டுக்கொண்டபோது மட்டும் ஒழுங்காக இறங்கியது. குடிக்கிற தண்ணீருக்கு அவனோடு எந்தச் சண்டையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கூட்டிப் போனோம். அவன் இடுப்பளவு ஆழத்துக்கு நடந்து போனான், கடல் அவனைச் சுற்றி ஒரு கிணறு வெட்டிக் கொடுத்தது, அடியில் ஈரமில்லாத மணலில் ஒரு நண்டு திகைத்துப் போய் நின்றது. குடும்பத்தோடு வந்திருந்த சீனக் கிழவர் ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் அந்த விரற்கடை ஒரு முழமாயிற்று. அதை நாங்கள் கண்டுபிடித்தது அறைக்காரர்கள் துவைத்த துணியை வைத்துத்தான். டிசம்பர் மாதத்தில் டார்மிட்டரியில் துணி காயாது. ஈர ஜட்டியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்த் தொடை வெந்துபோனவர்கள் நாங்கள். அடைக்கலம் உட்கார்ந்திருந்த கட்டில் கம்பியில் தொங்கின துணி மட்டும் கால் மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்திருந்தது. மறுநாள் அவன் கட்டிலைச் சுற்றிக் கொடி கட்டினோம். அதற்கு மறுநாள் பக்கத்து அறைக்காரர்கள் வந்தார்கள். ஏழாம் நாள் அவனைச் சுற்றி ஒரு குடை அகலம், ஒன்பதாம் நாள் ஒரு லாரி அகலம். காலையில் எங்களை ஏற்றிப் போகிற லாரியில் மேலே தார்ப்பாய் கட்டாமல், மழையைப் பிளந்துகொண்டு, ஒரு சொட்டு படாமல் போனோம். சிக்னலில் நனைந்துகொண்டு நின்ற வேறு கம்பெனி லாரிக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். நாங்கள் அவர்களுக்குக் கைகாட்டினோம். எங்களுக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்திருந்தது, இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, அப்போது இல்லை.

சைட்டில் ஃபோர்மேன் ஆ கியாட் இதை வேறு மாதிரி பார்த்தார். அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். இருபது வருஷம் எங்கள் ஆட்களோடு திரிந்து தமிழ் கற்றுக்கொண்டவர், பொன்னழகு போன சேதி கேட்டு அடைக்கலத்தின் தோளைத் தட்டி, "ரொம்ப பாவம் லா" என்றவர். ஆனால் மழைக்காலத்தில் மொட்டைமாடித் தளத்துக்குக் கம்பி கட்ட வேண்டும், பலகை அடிக்க வேண்டும், வெல்டிங் வைக்க வேண்டும். மழையில் எல்லாம் நின்றுபோய், மேலே உள்ளவர்கள் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பத்தாம் நாள் அவர் வெல்டிங் இடத்துக்குப் பக்கத்தில் அடைக்கலத்தை நிற்க வைத்துப் பார்த்தார். பதினோராம் நாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து மாடியின் நட்டநடுவில் போட்டார்.

"நீ இங்க உக்காரு. வேல வேணாம். நீ இருக்கு, மழ இல்ல."

பன்னிரண்டாம் நாள் கட்டடம் முழுக்க மழை நின்றது. சுற்றிலும் நாலு பக்கமும் கொட்டும், ரோட்டில் கார்கள் மிதக்கும், எங்கள் கிட்டங்கி மட்டும் வறண்ட தூசியில் நிற்கும். வேலை மளமளவென்று ஏறியது. இஞ்சினியர்கள் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் கூட்டம் போட்டார்கள். சங்கு அலறினாலும், மின்னல் அவன் பக்கம் வராது என்று அவர்களே முடிவு செய்து, எங்களை இறக்கிவிடாமல் வேலை வாங்கினார்கள். ஊரில் கல்யாணம் நிச்சயமான ஒரு பையன் மழைக்கு நடுவில் காய்ந்து நிற்கிற தன்னைக் காட்டுவதற்காகத் தினமும் சாயங்காலம் டார்மிட்டரி வாசலில் அவன் பக்கத்தில் நின்று வீடியோ கால் பேசினான்.

ஆனால் அவன் உடம்பு வெந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு நாள் சிமென்ட் மேலேயே படிந்து கிடந்தால் தோல் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாதா? முழங்கைக்குக் கீழே கொப்புளம், கழுத்தில் கொப்புளம், விரலிடுக்கில் வெடிப்பு. எண்ணெய் ஒட்டியது, அதனால் சேவுகன் தினமும் தேங்காயெண்ணெய் தடவித் துணியால் வழித்தெடுத்தான். வழிக்கும்போது அடைக்கலம் வலியில் பல்லைக் கடிப்பான், கண் சிவக்கும், கண்ணில் ஒன்றும் வராது. "அழுதா வருதா மச்சான்?" என்று சேவுகன் ஒருநாள் கேட்டான். "வருது மாப்ள, வெளிய வரமாட்டேங்குது" என்றான் அவன்.

பதிமூன்றாம் நாள் அவன் லீவு கேட்டான். தண்ணீர் இங்கே ஒட்டவில்லை, ஊர்க் கண்மாயிலாவது ஒட்டுகிறதா பார்க்கிறேன், பதினாறாம் நாளுக்குள் போய்விட வேண்டும் என்று லீவு ஃபாரத்தை நிரப்பிக் கொண்டுபோய் நீட்டினான். ஆ கியாட் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மொட்டைமாடித் தளம் சரியாகப் பதினாறாம் நாள் போடுவதாக முடிவாகியிருந்தது. வானிலைக்காரர்கள் அன்று முழுக்கக் கனமழை என்று சொல்லியிருந்தார்கள். எந்த மழையாக இருந்தால் எங்களுக்கென்ன.

"தளம் முடி, அப்புறம் போ. நான் சைன் பண்றான்" என்றார்.

சொல்லாமல் போனால் வேலை பெர்மிட்டை வெட்டிவிடுவார்கள், திரும்ப வர முடியாது. அடைக்கலம் அன்று சாயங்காலம் எங்கள் அறையில் நடுவில் நின்றுகொண்டு, இத்தனை நாளில் முதல் தடவையாக எங்களிடம் ஒன்று கேட்டான். "எல்லாரும் சேந்து ஆபீஸுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்கப்பா. தனியாப் போனா கேக்க மாட்டேங்கிறாங்க. அவ வாசல்ல நிக்கிறாப்பா. மழையில நிக்கிறா." எங்கள் தலைக்கு மேலே பன்னிரண்டு பேரின் துணி மொறமொறவென்று காய்ந்துகொண்டிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் ஒருத்தன் சொன்னான், யாரோ என்ன, நான்தான் சொன்னேன், கோட்டைச்சாமி ஆகிய நான்: "மூணு நாள்தானண்ணே. தளம் முடியட்டும்."

அவன் என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

பதினாறாம் நாள் விடியும்போதே வானம் உடைந்து ஊற்றிக்கொண்டிருந்தது. வாசலில் காங்கிரீட் லாரிகள் வைப்பர் ஆட்டிக்கொண்டு வரிசையில் நின்றன. மாடிக்கு மேலே மட்டும் சதுரமாக ஒரு வறண்ட இடம், அதைச் சுற்றி நாலு சுவர் மழை. ஆட்கள் போதவில்லை என்று அடைக்கலத்தின் நாற்காலியை எடுத்துவிட்டு அவன் கையிலேயே வைப்ரேட்டரைக் கொடுத்திருந்தார்கள். வேலைக்கு வேலையும் ஆயிற்று, மழைக்கு மழையும் நின்றது. ஒன்பது மணிக்குப் பம்ப் ஓட ஆரம்பித்தது. பதினொன்றரைக்குப் பாதித் தளம் விழுந்திருந்தது. நன்றாக, ஒரு ஓட்டை இல்லாமல், கண்ணாடி மாதிரி விழுந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஊரில் அப்போது காலை ஒன்பது. பந்தலில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், மாமியார் கனிஷ்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மருமகன் தண்ணீர் விட்டதாகச் சொல்லாமல் ஒன்றையும் தொட விட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாளாம். சேவுகன் போன் அடித்தது. மின்னலுக்காக லிஃப்ட்டை நிறுத்தியிருந்தார்கள். ஒன்பது மாடியையும் படியேறி, போனைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, மூச்சு இரைக்க இரைக்க மாடிக்கு வந்தான். அவன் எதற்கு வருகிறான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆ கியாட்டுக்கும் தெரியும்போல, "கீழ போ! கீழ போ!" என்று கத்தினார். சேவுகன் நேராக அடைக்கலத்தின் முன்னால் போய், ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"மச்சான்."

அடைக்கலம் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தான். பதினாறு நாளுக்கு முன்னால் பார்த்த அதே முகம்தான், ஒரு மாற்றமும் இல்லை, சொல்ல வந்ததைச் சொல்லாத முகம். அடைக்கலத்தின் உதடு அசைந்தது. எதுவாக இருந்தாலும் என்று ஆரம்பிக்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது, அவன் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நான் நாலடி தள்ளி, பம்ப் குழாயைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். அவ்வளவு நல்ல தளம் அது. அவன் பாதித் தளத்தைப் பார்த்தான், மீதிப் பாதியைப் பார்த்தான், எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தான். பிறகு குனிந்து வைப்ரேட்டரை அணைத்தான்.

"சொல்லு மாப்ள."

"அக்கா செத்துப்போச்சு மச்சான்" என்றான் சேவுகன்.

பதினாறு நாளில் அதை ஒருத்தரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. எல்லாரும் அவனுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டோம்.

"எப்ப?"

"அன்னைக்குக் காலைல ஏழேகாலுக்கு. ஆஸ்பத்திரில."

"என்னத்துல?"

"கொடல் வெடிச்சு உள்ள சீழ் பரவிருச்சாம். முன்னாடியே கூட்டியாந்திருக்கணும்னு டாக்டர் சொன்னாராம்."

"மூஞ்சிய யாரு பாத்தா?"

"நாந்தான் மச்சான் பாத்தேன்" என்று சேவுகன் உடைந்தான். "ஒங்களுக்குன்னு தூக்கிப் பிடிச்சாங்க. பாப்பா பிடிச்சிருந்துச்சு. ஒங்களக் கூப்புட வழியில்லாம நான் ஒருத்தனே பாத்தேன்."

மழை விழுந்தது. எங்கிருந்து ஆரம்பித்தது என்று கேட்டால், அவன் வலது புருவத்தில் ஒரு சொட்டு விழுந்து, சிமென்ட் தூசியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு இறங்கியதை நான் பார்த்தேன். அதற்குள் எல்லா இடத்திலும் விழுந்துவிட்டது. பதினாறு நாளாக எங்கள் கட்டடத்துக்கு மேலே ஒதுங்கி நின்ற தண்ணீர் முழுக்க ஒரே நேரத்தில் இறங்கியதுபோல், நின்ற இடத்தில் நிற்க முடியாமல் குத்தியது. கண்ணாடி மாதிரி இருந்த தளம் அம்மை போட்ட முகமாகக் குழிந்தது, சிமென்ட் பால் தனியே ஜல்லி தனியே பிரிந்து ஓடியது. ஆ கியாட் "பிளாஸ்டிக்! பிளாஸ்டிக் போடு!" என்று கத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடி, வழுக்கி விழுந்து, எழுந்து, பிறகு கத்துவதை விட்டுவிட்டார். யாரும் பிளாஸ்டிக் போடப் போகவில்லை. நான் பம்ப்காரனுக்குக் கையைக் காட்டினேன், பம்ப் நின்றது. அந்தத் தளத்தை முழுக்க உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், அடைக்கலத்தின் பெர்மிட்டை மறுநாளே வெட்டுவார்கள், சேவுகனுடையதையும் வெட்டலாம், என்னுடையதையும் வெட்டலாம். அது அந்த மாடியில் நின்ற எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அடைக்கலம் காங்கிரீட்டில் மண்டி போட்டான். எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் மச்சினன்மார் புருஷன் தலையில் சீயக்காய் வைப்பது வழக்கம். சேவுகன் பையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தான், எப்போது வாங்கினானோ, அதைப் பிரித்துக் கை நிறைய அள்ளி அவன் தலையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி அழுத்தித் தேய்த்தான். சாம்பல் நிறத் தண்ணீர் நெற்றியில், கழுத்தில், புண்ணான கைகளில் வழிந்தது. எரிந்திருக்கும். அடைக்கலம் வாயைத் திறந்து சத்தமாக அழுதான், அவள் பேரைச் சொல்லி அழுதான், ஒன்பது மாடிக்குக் கீழே லாரி டிரைவர்கள் கதவைத் திறந்து மேலே பார்த்தார்கள்.

சேவுகனின் சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. போனை அவன் நிறுத்தவே இல்லை. எடுத்துத் துடைத்து அடைக்கலத்தின் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"அப்பா, நனையிற" என்றாள் கனிஷ்கா.

"ஆமா தாயி."

"மாமா சொல்லுச்சா?"

"சொல்லுச்சு."

"எல்லாத்தயும் சொல்லுச்சா?"

அடைக்கலம் கையால் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டான். "மாமா அங்க இல்லயே தாயி. நீதான் கூட இருந்த. நீ சொல்லு."

"தளம் போடலயா?"

"இல்ல. நீ சொல்லு."

மழை இரைச்சலில் கேட்காது என்று நாங்கள் ஒவ்வொருத்தராக, காங்கிரீட்டில் கால் புதையப் புதைய, கிட்டே போய் நின்றுகொண்டோம். ஆ கியாட்டும் வந்து நின்றார்.

"மொதல்ல வயிறுதான் வலிச்சுச்சு" என்று அவள் ஆரம்பித்தாள். "அன்னைக்கு ஸ்கூல் இருந்துச்சா, அம்மா வயித்தப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சுக்கிட்டே எனக்குச் சட பின்னுச்சு. ஒரு சட பின்னிருச்சு. இன்னொன்ன செத்த நேரம் கழிச்சுப் பின்றேன்னு சொல்லிட்டுப் படுத்துக்கிச்சு. பஸ் வந்துருச்சுப்பா. நான் ஒத்தச் சடையோடயே போயிட்டேன்."

"அப்பறம் தாயி?" என்று கேட்டான் அடைக்கலம்.